மூச்சின் கணக்கு

மனிதன் இவ்வுலகில் செய்யும் முதற் செயல் மூச்சை உள்ளே இழுப்பது. இறுதிச் செயல் அதனை வெளியே விடுவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திற்கே வாழ்வு என்று பெயர். ஆதலின் மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் நம் முன்னோர்க்குப் பழங்காலத்திலேயே தோன்றியதில் வியப்பில்லை. ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது நம் சித்தர் மரபு கண்ட கணக்கு. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் நிமிடத்திற்கு 15 மூச்சு வருகிறது. நலமுள்ள வயதுவந்த ஒருவர் அமைதியாக இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்பது இன்றைய மருத்துவ நூல்களின் கூற்று. அப்பழைய எண் இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே அமைந்திருத்தல் நாம் மகிழத்தக்கதே.

ஆயினும் மகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் அறிவுடைமை ஆகாது. சித்தர்கள் எண்ணியது ஆயுளின் கணக்கு. யோக நெறியின் கணக்கு. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் மருத்துவருக்கு வேண்டுவது வேறொரு கணக்கு. எத்தனை மூச்சு என்பது மட்டும் அவருக்குப் போதாது. ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று சென்றது, சென்ற காற்றில் எவ்வளவு குருதியைத் தொட்டது, தொட்டதனால் நச்சுக்காற்று எவ்வளவு வெளியேறிற்று என்பனவற்றை அவர் அறிதல் வேண்டும். மூச்சை எண்ணுதல் வேறு. நுரையீரலின் காற்றோட்டத்தைக் கணக்கிடுதல் வேறு. இவ்வேறுபாட்டை உலகம் தெளிவாக உணர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. உணர்வதற்குள் இழந்த உயிர்கள் பல. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

தாதரில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாறு அந்நியமானது அன்று. மத்திய ரயில் பாதையில் தாதரை அடுத்துத் தெற்கே பரேல், வடக்கே மாதுங்கா, அதற்கப்பால் சயான். பரேலில் 1926 ஆம் ஆண்டு முதல் கே. ஈ. எம். மருத்துவமனை நிற்கிறது. சயானில் லோகமான்ய திலகர் பெயர் தாங்கிய மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் குடும்பங்களில், இவ்விரண்டு வாயில்களுள் ஒன்றிலேனும் மூச்சுத் திணறும் ஒருவரோடு நள்ளிரவில் போய் நிற்காத குடும்பம் அரிது. அங்கே ‘வெண்டிலேட்டர்’ என்னும் சொல்லைக் கேட்டு நடுங்குகிறோம். அவ்வியந்திரத்தின் முகத்தில் ஒளிரும் எண்கள் எதைக் கூறுகின்றன என்று அறியாமலே கையொப்பம் இடுகிறோம். அவ்வெண்களின் பிறப்பை அறிந்தால் அச்சம் முழுவதும் நீங்காவிடினும் இருள் சிறிது விலகும்.

அளக்கத் தொடங்கிய காலம்

நுரையீரலை முறையாக அளந்து பெயர் பெற்றவர் ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர். நீரில் கவிழ்த்த ஒரு மணி போன்ற கலத்தினுள் மனிதன் ஊத, கலம் மேலே எழும். எழுந்த உயரத்தைக் கொண்டு ஊதிய காற்றின் அளவை அறியலாம். இக்கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். மாலுமிகள், காவலர்கள், குத்துச்சண்டை வீரர்கள், ஏழை எளியவர் என 2,000க்கும் மேற்பட்டோரை ஊதச் செய்து தாம் கண்ட முடிவுகளை 1846 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். இயன்ற மட்டும் இழுத்து, இயன்ற மட்டும் வெளியிடும் காற்றின் அளவிற்கு ‘உயிர்ப்புத் திறன்’ என்னும் பொருள்படப் பெயரிட்டவரும் அவரே. ஒருவருடைய உயரம் ஓர் அங்குலம் கூடும்போது இத்திறன் ஏறத்தாழ 8 கன அங்குலம் கூடுகிறது என்று அவர் கண்டார். நுரையீரலின் அளவு உடலின் பருமனைவிட உயரத்தையே பின்பற்றுகிறது என்னும் இவ்வுண்மையை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் அது பயன்படும்.

ஹட்சின்சனின் அளவு ஒரு மனிதனின் வன்மையைக் காட்டிற்று. ஆயுள் காப்புறுதிக் குழுமங்கள் அதனைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கலாம் என்றும் அவர் எண்ணினார். ஆனால் அஃது ஒருமுறை முழு வலிமையோடு ஊதும் அளவு. படுத்த படுக்கையாக, நினைவிழந்து கிடக்கும் நோயாளி ஊத இயலுமா? அவர் அந்நேரத்தில் விடும் மூச்சு அவருக்குப் போதுமா, போதாதா என்னும் கேள்விக்கு அக்கருவி விடை கூறவில்லை.

அக்கேள்விக்கு எளிய விடை ஒன்று உண்டு. அமைதியாக மூச்சு விடுகையில் ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று வெளிவரும் காற்றை ‘மூச்சளவு’ என்போம். வயதுவந்த ஒருவருக்கு இது ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். நிமிடத்திற்கு 12 மூச்சு எனக் கொண்டால், 500ஐ 12ஆல் பெருக்க 6,000 மில்லிலிட்டர், அதாவது 6 லிட்டர் ஆகும். இதற்கு ‘நிமிடக் காற்றோட்டம்’ என்று பெயர். ஒரே ஒரு பெருக்கற்கணக்கு. பள்ளிச் சிறுவனும் போடுவான். ஆயின், இக்கணக்கே மருத்துவரை ஏமாற்றவும் வல்லது.

ரேழியில் நின்ற விருந்து

நம் ஊர்ப்புறத்துப் பழைய வீடுகளின் அமைப்பை நினைத்துப் பார்ப்போம். தெருவாயிலைக் கடந்தவுடன் ரேழி. ரேழியைக் கடந்தால் கூடம். இலை போடுவது கூடத்தில். விருந்தினர் ரேழி வரை வந்து திரும்பிப் போய்விட்டால் அவரை உண்டவர் கணக்கில் சேர்ப்போமா? நுரையீரலின் அமைப்பும் இத்தகையதே. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், அதன் கிளைகள் ஆகியவை ரேழி. கிளைகளின் முடிவில் கோடிக்கணக்கில் அமைந்த காற்று நுண்ணறைகளே கூடம். பிராணவாயு குருதியில் புகுவதும், கரியமிலவாயு குருதியை விட்டு நீங்குவதும் அக்கூடத்தில்தான். ரேழியில் நின்று திரும்பும் காற்றால் உயிருக்குப் பயனில்லை. ஆகவே அவ்விடத்தைப் ‘பயனிலா வெளி’ எனலாம்.

இவ்வெளியைக் கணக்கிட வழி கூறியவர் டென்மார்க்கு நாட்டு உடலியல் அறிஞர் கிறிஸ்டியன் போர். ஆண்டு 1891. அவர் கருத்து மிக எளியது. கூடத்திலிருந்து வரும் காற்றில் கரியமிலவாயு உண்டு. ரேழியிலிருந்து வரும் காற்றில் அஃது இல்லை. வெளிவிட்ட மூச்சு இவ்விரண்டின் கலவை. பாலில் எவ்வளவு நீர் கலந்தது என்று காண்பது போல, கலவை எவ்வளவு நீர்த்துள்ளது என்பதைக் கொண்டு ரேழியின் பங்கைக் கண்டுகொள்ளலாம். நுண்ணறைக் காற்றில் நூற்றுக்கு 5 பங்கு கரியமிலவாயுவும், வெளிவிட்ட மொத்தக் காற்றில் நூற்றுக்கு 3.5 பங்கும் இருப்பதாகக் கொள்வோம். குறைவு 1.5. அதனை 5ஆல் வகுக்கப் பத்தில் மூன்று பங்கு. 500 மில்லிலிட்டர் மூச்சில் 150 மில்லிலிட்டர் ரேழியிலேயே நின்றது என்பது முடிவு.

இனி மூவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் நிமிடத்திற்கு 12 முறை, முறைக்கு 500 மில்லிலிட்டர் மூச்சு விடுகிறார். இரண்டாமவர் 24 முறை, முறைக்கு 250. மூன்றாமவர் 40 முறை, முறைக்கு 150. பெருக்கிப் பாருங்கள், மூவருக்கும் நிமிடக் காற்றோட்டம் 6 லிட்டரே. மூவரும் ஒரே நிலையில் உள்ளவர் என்று அப்பெருக்கற்கணக்கு சாதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ரேழிக்குரிய 150ஐக் கழித்துவிட்டுப் பெருக்கினால் நிகழ்வது என்ன? முதலாமவரின் கூடத்திற்கு 4,200 மில்லிலிட்டர் செல்கிறது. இரண்டாமவருக்கு 2,400. மூன்றாமவருக்குச் சூனியம்! காற்று சிறிது கலந்து பரவுவதால் உண்மையில் அவருக்கு முற்றும் சூனியம் ஆவதில்லை. எனினும் அவர் சாவின் விளிம்பில் நிற்பவரே. பார்ப்பவர் கண்ணுக்கோ மூவருள் மிகுதியாக மூச்சு விடுபவர் அவர்தாம்.

இக்கழித்தலின் முடிவிற்கு ‘நுண்ணறைக் காற்றோட்டம்’ என்று பெயர். இது குறையும் வீதத்தில் குருதியில் கரியமிலவாயு ஏறும். இது பாதியானால் அது இருமடங்காகும். நலமுள்ளவருக்குக் கரியமிலவாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம். மேற்கூறிய இரண்டாமவர் அவ்வாறே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அது 70 வரை ஏறிவிடும். அவருக்கு முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், பின்னர் உறக்கம் போன்ற நினைவிழப்பு. ‘நன்றாக உறங்குகிறார்’ என்று உற்றார் ஆறுதல் கொள்வர்.

கோபன்ஹேகன் நகரத்துப் படிப்பினை

போர் இக்கணக்கை எழுதி அறுபது ஆண்டுகளுக்குப் பின், அவருடைய நாட்டிலேயே, அவர் கற்பித்த கோபன்ஹேகன் நகரிலேயே, இக்கணக்கை மறந்ததன் விலை தெரிய வந்தது. 1952 ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தனர். பலருக்கு மூச்சுத் தசைகளே செயலிழந்தன. மருத்துவமனையிலோ உடல் முழுவதையும் உள்ளடக்கும் ‘இரும்பு நுரையீரல்’ ஒன்றே ஒன்று. மார்பை மட்டும் கவியும் சிறு கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் அவ்வாறு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

இதில் நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நோயாளிகளின் குருதியை ஆய்ந்தபோது, அதிலிருந்த கரியமிலவாயுவின் மொத்த அளவு உயர்ந்திருந்தது. குருதியில் காரத்தன்மை மிகுந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொண்டனர். எண் சரியானதே, பொருள் தவறானது. மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சென் அதனை வேறு விதமாகப் படித்தார். இவர்கள் போதிய காற்றோட்டம் இன்றிக் கரியமிலவாயுவைத் தேக்கி வைத்துக்கொண்டு மாள்கிறார்கள் என்றார் அவர். அறுவைக் கூடத்தில் நாள்தோறும் நோயாளிக்குப் பையை அழுத்திக் காற்றூட்டும் தொழிலுடையவர் ஆதலின் அவருக்கு இஃது எளிதில் விளங்கிற்று.

1952 ஆகஸ்ட் 27 அன்று, மாளும் நிலையிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் இடப்பட்ட துளை வழியே மூச்சுக்குழாயில் குழல் செருகி, ரப்பர்ப் பையை அழுத்திக் கையால் காற்றூட்டினார் இப்சென். சிறுமி பிழைத்தாள். அதன்பின் மருத்துவத் தலைவர் லாசென் அம்முறையை எல்லார்க்கும் விரிவாக்கினார். இயந்திரங்கள் இல்லை, ஆகவே ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்து கையால் பையை அழுத்தினர். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு பிறர் கைகளால் மூச்சு விட்ட நாட்களும் இருந்தன. நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு, முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. மருந்து புதிதன்று; நோய் மாறவில்லை. கணக்கு திருந்திற்று, உயிர்கள் மீண்டன.

அம்மாணவர்கள் எவ்வளவு அழுத்த வேண்டும், நிமிடத்திற்கு எத்தனை முறை அழுத்த வேண்டும் என்னும் கேள்வி உடனே எழுந்தது. போல் ஆஸ்ட்ரப் என்பவர் குருதியின் அமிலத்தன்மையை அளந்து அதிலிருந்து கரியமிலவாயுவைக் கணக்கிடும் வழியைச் செப்பனிட்டார். இரண்டு ஆண்டுகளில், 1954இல், அமெரிக்காவில் எட்வர்டு ராட்ஃபோர்டும் உடன் பணியாற்றியோரும் கணக்குப் படம் ஒன்றை வெளியிட்டனர். நோயாளியின் எடையையும் மூச்சின் எண்ணிக்கையையும் கோட்டால் இணைத்தால், ஒவ்வொரு மூச்சிலும் செலுத்த வேண்டிய அளவு அப்படத்தில் தெரியும். பயனிலா வெளிக்கும் அவர் கைக்கணக்கு ஒன்று கூறினார்: உடல் எடை எத்தனை பவுண்டோ ஏறத்தாழ அத்தனை மில்லிலிட்டர். 1955இல் மார்ட்டின் ரைட் என்னும் ஆங்கிலேயர், மூச்சுக் காற்றால் சுழலும் சிறு விசிறியைக் கொண்டு, கைக்கடிகாரம் போன்ற முகத்தில் மூச்சளவைக் காட்டும் கருவியை அமைத்தார். அளக்கும் கருவி உள்ளங்கையில் வந்து சேர்ந்தது.

பம்பாயில்

இளம்பிள்ளை வாதம் பம்பாய்க்குப் புதிதன்று. 1949இல் இந்நகரில் அந்நோய்க்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டு, பின்னர் பரேலில் என்டிரோவைரஸ் ஆய்வு மையமாக வளர்ந்தது. இந்நாட்டின் இறுதி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் காணப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா அந்நோய் அற்ற நாடென அறிவிக்கப்பட்டது.

ஆனால் செயற்கை மூச்சின் கணக்கை நம் நகரத்து மருத்துவர்கள் மிகுதியும் பயன்படுத்த நேர்ந்தது மற்றொரு நோயில். அதுவே ரணஜன்னி. ஆணி குத்திய காலிலும், அழுக்கேறிய புண்ணிலும் புகும் கிருமியின் நஞ்சு உடலை வில்லாக வளைக்கும். தசைகள் இறுகி மூச்சு தடைப்படும். கடும் நோயில், தசைகள் அனைத்தையும் மருந்தால் தளர்த்திவிட்டு, மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே வழி. கோபன்ஹேகன் மருத்துவர்கள் 1954இல் அவ்வழியை எடுத்துரைத்தனர். பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பாரோக் உத்வாடியா இந்நோயின் சிகிச்சையில் உலகறிந்த வல்லுநர். 1994இல் அதுபற்றித் தனி நூலே வெளியிட்டார். நம் நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் தோற்றுவித்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

இத்தகைய நோயாளியின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அவர் கையை அசைக்க முடியாது. ‘மூச்சு போதவில்லை’ என்று கூற முடியாது. மூச்சைத் தாமாக விரைவுபடுத்தவும் முடியாது. மருத்துவர் குறித்த எண்ணே அவருடைய மூச்சு. எண் குறைந்தால் கரியமிலவாயு தேங்கும். எண் மிகுந்தால்? இக்கேள்விக்கு விடை 2000 ஆம் ஆண்டில் கிடைத்தது.

யாருடைய அளவு?

நுரையீரல் வீங்கி இறுகும் கடும் நோயில், அதற்கு முன் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரையிலும் மூச்சளவு கொடுப்பது வழக்கம். அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், 12 மில்லிலிட்டர் பெற்றோரில் நூற்றுக்கு 39.8 பேர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றோரில் 31 பேரே இறந்தனர். மிகுதி நன்மை என்னும் எண்ணம் உடைந்தது. அளவுக்கு மிஞ்சிய காற்று நுரையீரலையே கிழிக்கிறது என்பது தெளிவாயிற்று.

இக்கணக்கில் கொள்ளும் கிலோ, தராசு காட்டும் கிலோ அன்று; உயரத்திலிருந்து கணிக்கும் கிலோ. ஆணுக்கு, சென்டிமீட்டரில் உள்ள உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 50க்கு மாறாக 45.5. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு இது ஏறத்தாழ 61.5 கிலோ, அவருக்குரிய மூச்சளவு ஏறத்தாழ 370 மில்லிலிட்டர். அவர் தொண்ணூறு கிலோ எடை உடையவராயினும் அவ்வளவே. உடல் பருக்கும்போது நுரையீரல் பருப்பதில்லை அன்றோ? 1846இல் ஹட்சின்சன் கண்ட உயரத்தின் உண்மை இவ்வாறு நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்று. எந்த மக்களை அளந்து கண்ட எண்ணை எந்த மக்களுக்குப் பொருத்துவது? இக்கேள்வியை முற்காலத்திலேயே எழுப்பியவர்களுள் நம்மவரும் உண்டு. 1932இல் கிருஷ்ணன், வரீது என்னும் இருவர் தென்னிந்திய மருத்துவ மாணவர் 103 பேரின் உயிர்ப்புத் திறனை அளந்து வெளியிட்டனர். 1982இல் பரேல் கே. ஈ. எம். மருத்துவமனையின் டாக்டர் காமத்தும் உடன் பணியாற்றியோரும் இந்தியருக்குரிய அளவுகளை வெளியிட்டனர். 1990இல் சென்னையிலிருந்து விஜயன் முதலியோர் அந்நகரத்து இளைஞரின் அளவுகளைத் தந்தனர். ஒரே உயரமுள்ள ஐரோப்பியரைவிட நம்மவரின் அளவு குறைந்தே காணப்படுகிறது என்பது இத்தகைய ஆராய்ச்சிகளில் பலமுறை தெரிந்தது. உடலமைப்பா, இளமையில் உண்ட உணவா, உயிர்த்த காற்றா எனக் காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

இதன் இருமுனையையும் நாம் காண வேண்டும். ஐரோப்பியர் அளவை நமக்கு வைத்தால் நலமுள்ளவரும் நோயாளி ஆவர். நமக்கெனத் தாழ்ந்த அளவை வைத்தால், பஞ்சுத் தூசியிலும் இரசாயனப் புகையிலும் உழைத்து நுரையீரல் கெட்ட தொழிலாளியும் ‘உம் மக்களுக்கு இது இயல்பே’ என்று கூறி அனுப்பப்படக் கூடும். இழப்பீடு கேட்டு நிற்பவருக்கு அவ்வொரு சொல் எத்துணைப் பெரிய இடி! 2012இல் உலகளாவிய அளவுகோல் ஒன்று வகுக்கப்பட்டபோது இந்தியத் துணைக்கண்டத்திற்கெனத் தனிப்பிரிவு அதில் அமையவில்லை. 2023இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம், இனத்தைக் கேளாத பொதுக் கணக்கைப் பரிந்துரைத்தது. ஆகவே, எண்ணைக் கேட்கும்போதே அஃது எதனோடு ஒப்பிட்ட எண் என்றும் கேட்டல் வேண்டும்.

அண்மைக் காலத்து அனுபவம்

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி காணப்பட்டபோது நாம் கொண்ட அச்சத்தை மறக்க இயலுமா? இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் மக்கள் வாழும் இடம். மாநகராட்சி ஊழியரும் மருத்துவரும் வீடுவீடாகச் சென்று உடல் வெப்பத்தையும், விரலில் மாட்டும் கருவியால் குருதியின் பிராணவாயு அளவையும் பார்த்தனர். அக்கருவிக்கு அடிகோலியவர் தகுவோ அவோயாகி என்னும் ஜப்பானியர். 1974இல் அதன் தத்துவத்தை வெளியிட்ட அவர், அக்கருவி உலகெங்கும் உயிர் காத்துக்கொண்டிருந்த 2020 ஏப்ரலிலேயே மறைந்தார்.

அச்சிறு கருவி செய்த நன்மை பெரிது. ஆயினும் அதன் எல்லையையும் அறிதல் கடமை. அது பிராணவாயுவை மட்டும் காட்டும், காற்றோட்டத்தைக் காட்டாது. வெளியிலிருந்து பிராணவாயு கொடுக்கப்படும் ஒருவருக்குக் கருவி 97 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய மூச்சு மேலோட்டமாகிக் கரியமிலவாயு தேங்கிக்கொண்டிருக்கக் கூடும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பது இதனாலேதான். ‘எண் ஏறட்டும்’ என்று வீட்டார் உருளையின் திருகைத் தாமே திறப்பது அன்பின் செயலாயினும் ஆபத்தின் செயலாகும். 1952இல் சரியான எண்ணுக்குத் தவறான பொருள் கொண்டனர் என்று கூறினோம். அத்தவறு இன்று நம் இல்லங்களில் நிகழாதிருத்தல் வேண்டும்.

நாம் செய்யக்கூடுவது

இயந்திரக் கணக்கு மருத்துவர்க்கே உரியது. வீட்டில் இருப்போர் செய்யத்தக்கதும் சிறிது உண்டு. கையில் கடிகாரம் ஒன்று போதும். நோயுற்றவர் அமைதியாக இருக்கையில், அவர் அறியாதபடி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். வயதுவந்தோர்க்கு நிமிடத்திற்கு 24ஐத் தொட்டால் எச்சரிக்கை. 30ஐத் தாண்டினால் ஆபத்து என்பது கொரோனாக் காலத்தில் நம் நாட்டில் பின்பற்றிய வரம்பு. இருமலும் சளியும் உள்ள குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு வேறு: இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. அவ்வெண்ணைத் தொட்டால் விடியும் வரை காத்திருத்தல் ஆகாது.

எண்ணியபின் மார்பையும் வயிற்றையும் பாருங்கள். மூச்சு ஆழ்ந்து செல்கிறதா, கழுத்தளவிலேயே அலைகிறதா? விரைந்து மூச்சு விட்டவர் திடீரென அமைதியுற்று, அழைத்தால் விழிக்காது உறங்குவாராயின், அதனை நலம் என்று கொள்ளாதீர்கள். அவர் களைத்துப் போனார் என்பதே அதன் பொருளாதல் கூடும். மருத்துவமனைக்குச் சென்றதும் ‘மூச்சு வாங்குகிறது’ என்று மட்டும் கூறாமல், ‘காலையில் நிமிடத்திற்கு 22, மாலையில் 32, ஆழம் குறைந்துவிட்டது’ என்று கூறுங்கள். மொழி தெரியாத ஊரில் எண் எல்லார்க்கும் பொதுமொழி. மராத்தியோ இந்தியோ சரளமாகப் பேச வராத நம் ஊர்த் தாய்மார்க்கும் அம்மொழி கைகொடுக்கும்.

ஒரு பெருக்கல், ஒரு கழித்தல். இவ்வளவே இவ்வரலாற்றின் கணிதம். பெருக்கலை மட்டும் அறிந்திருந்த காலத்தில் உயிர்கள் போயின. கழித்தலை நினைவுகூர்ந்த நாளில் உயிர்கள் மீண்டன. நம் மாணவர்கள் இதனைப் பள்ளியிலேயே தம் தாய்மொழியில் கற்பார்களாக. நம் இல்லத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும் வேளையில், நாம் எண்ணுவோமாக. எண்ணியதோடு நில்லாமல், உள்ளே சென்று சேர்ந்தது எவ்வளவு என்றும் கேட்போமாக.